ரசீது வேறு, வழக்கு வேறு

கோவை ஜங்ஷனிலிருந்து போத்தனூர் போகும் தண்டவாளம் உக்கடத்துக்குக் கிழக்கே ஓடுகிறது. தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டி ரயில்வே பாதுகாப்புப் படையிடம் மாட்டிக்கொண்ட பையன்களின் வீட்டில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: "ஐந்நூறு ரூபா கட்டுனா முடிஞ்சுதுங்க. ஹெல்மெட் ஃபைன் மாதிரிதானுங்க."

முடிவதில்லை. ரயிலடியில் நம்மிடம் கேட்கப்படும் பணம் இரண்டு வகை. இரண்டையுமே நாம் 'ஃபைன்' என்று சொல்லிப் பழகியதால்தான் இவ்வளவு குழப்பம்.

டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து டிக்கெட் பரிசோதகரிடம் அகப்பட்டால் அவர் வாங்குவது கூடுதல் கட்டணம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, பயணக் கட்டணத்தோடு 250 ரூபாய் அல்லது அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். கட்டியதும் ரசீது தருவார். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பொதுவாக விஷயம் அதோடு சரி. நீங்கள் குற்றவாளி ஆவதில்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று 137-வது பிரிவில் வழக்குப் போட்டால்தான் அது நீதிமன்றம் வரை போகும்.

தண்டவாளம் தாண்டுவது அப்படியல்ல. 147-வது பிரிவில் அது அத்துமீறி நுழைந்த குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தக்க காரணம் இல்லாமல் அபராதம் 500 ரூபாய்க்குக் கீழே இறங்கவும் கூடாது. அந்த அபராதத்தை விதிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு மட்டுமே. பிடித்தவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டு வந்தால் அது அபராதமும் இல்லை, வழக்கு முடிந்ததற்கு அடையாளமும் இல்லை.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தாங்க போறோம்" என்பார்கள். ஊர் வழக்கம் ரயில்வே நிலத்தில் உரிமை ஆகிவிடாது. அவர்களின் அலைச்சல் எனக்குப் புரிகிறது. சுற்றிப் போக நேரமும் காலும் வேண்டும். ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் அந்த வாதம் நிற்காது.

என்னை உண்மையிலேயே பதற வைப்பது அடுத்து நடப்பது. நீதிமன்றத்தில் பேர் கூப்பிடுகிறார்கள், பையன் 'ஆமாங்க' என்கிறான், அபராதம் கட்டி ரசீதோடு வீடு திரும்புகிறான். அந்த ஒற்றை 'ஆமாங்க' குற்ற ஒப்புதல். அதன்மேல் வரும் தீர்ப்பு ஒரு தண்டனைதான். சில வருடம் கழித்து அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கேள்வி வரும்போது, மறந்தே போனவன் 'இல்லை' என்று எழுதுகிறான். குற்றத்தைவிட அந்த மறைப்பே அவனுக்குக் கேடாகிறது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு குற்றத்தை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால் அதை மன்னிக்கும் விருப்புரிமை வேலை தருபவருக்கு உண்டு என்றது. விருப்புரிமை என்பதைக் கவனியுங்கள். மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நடந்ததை எழுதிவிடுவதே பத்திரம்.

இதற்கு ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-வது பிரிவு, இரண்டாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாத குற்றத்தை முதல்முறை செய்தவரைக் கண்டித்து மட்டும் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி விடுவித்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரைத் தொடாது என்கிறது 12-வது பிரிவு. இது தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். 'ஆமாங்க' சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பையனுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழோடு போங்கள். அவனை விசாரிக்க வேண்டியது சிறார் நீதி வாரியம்.

பிளாட்பார டிக்கெட் கையில் இருந்தால் ரயிலேறலாம் என்பதும் தவறு. அது நடைமேடையோடு சரி. அவசரமாக ஏற வேண்டியிருந்தால் ஏறும் முன்பே ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சான்று இருந்தால் கூடுதல் கட்டணம் கிடையாது, பயணக் கட்டணம் மட்டுமே.

டிக்கெட் இல்லாத பெண்ணை எந்த நேரத்திலும் எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிடலாம் என்ற பயமும் நம் பக்கம் உண்டு. முடியாது. ஆண் துணையில்லாத பெண்ணையும் குழந்தையையும் அவர்கள் ஏறிய நிலையம், ஜங்ஷன், ரயில் முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில் மட்டுமே, அதுவும் பகலில் மட்டுமே இறக்கிவிடலாம் என்கிறது 139-வது பிரிவு. இதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே தேசியப் பூங்கா போன்ற மத்திய அரசு நிலத்தில் தரும் சீட்டிலும் இதே பிரிவினை உண்டு. சிலவற்றைப் பணம் கட்டியே தீர்த்துக்கொள்ளலாம், சிலவற்றுக்கு நீதிமன்றம் போயே ஆக வேண்டும். எது என்று சீட்டிலேயே இருக்கும். குப்பையில் போட்டால் பிடியாணை வரலாம்.

இங்கேயும் குறித்த தேதிக்குப் போகாவிட்டால் அதே கதிதான். வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. சம்மன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்றுதான் முதலில் கேட்பார்கள்.