ரெஃப்யூஜியம்: சம்ப்புக்குள்ளயா, தனியாவா?

சம்ப்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது வீட்டு வாசல்ல தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டிதான். கீழே சம்ப், மேலே டேங்க், நடுவுல மோட்டார். உப்புநீர் மீன் தொட்டியிலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். ஆனா இங்க தண்ணி நிற்காம சுத்திக்கிட்டே இருக்கும். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியா கீழே இருக்கும் சம்ப்புக்கு இறங்கும். ரிட்டர்ன் பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். கழிவை நுரையாக்கி எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் மாதிரியான சாமான் எல்லாம் சம்ப்புக்குள்ள இருக்கும்.

ரெஃப்யூஜியம் என்பது மீன்கள் நுழைய முடியாத, தனி விளக்கு போட்ட ஒரு இடம். அதில் கீட்டோமார்ஃபா மாதிரி கடற்பாசி வளர்ப்போம். மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சி வளரும். வளர்ந்ததை அப்பப்போ பிய்த்து வெளியே எடுத்தால் அந்தச் சத்தும் தொட்டியை விட்டுப் போயிடும். கோபிபாட் என்ற குட்டி உயிரிகள் அந்தப் பாசிக்குள் பயமில்லாம பெருகும். மேலே போனா மீனுக்குத் தீனி. மேல் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இங்கே விளக்கைப் போட்டால், ராத்திரி கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஹெச் இறங்குவதும் குறையும்.

சரி, இதை சம்ப்புக்குள்ளேயே ஒரு அறையா வைக்கலாமா, தனித் தொட்டியா வைக்கணுமா? நான் யோசிக்காம முதல் வழியில் இறங்கினேன். அதனால் நடந்ததைச் சொல்றேன், கணக்கோட.

கரன்ட் போன ராத்திரி

என் மேல் தொட்டி 120 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம். சம்ப் 90 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம். சம்ப்பின் தடுப்புக் கண்ணாடி முதலில் 25 செ.மீ உயரம்தான் இருந்தது. பாசிக்கு ஆழம் வேணும்னு அதை 35 செ.மீ-க்கு உயர்த்தினேன். கடைசியில் பம்ப் இருக்கும் 20 செ.மீ நீள அறையில் மட்டும் நீர்மட்டம் 20 செ.மீ.

பம்ப் நின்னா என்ன ஆகும்? ரிட்டர்ன் குழாயின் வாய் மேல் தொட்டியில் 6 செ.மீ ஆழத்தில் இருந்தது. அதே குழாய் சைஃபனா மாறி, வாய் வெளியே தெரியும்வரை தண்ணியைக் கீழே இழுக்கும்.

கீழே வரும் தண்ணீர்: 120 × 45 × 6 = 32,400 கன செ.மீ, அதாவது 32.4 லிட்டர்.

சம்ப்பில் காலியிடம்: பம்ப் அறையில் 20 × 40 × 15 = 12 லிட்டர். தடுப்புக்கு மேலே 90 × 40 × 5 = 18 லிட்டர். மொத்தம் 30.

மீதி 2.4 லிட்டர் எங்கே போகும்? தரைக்குத்தான். குழாய்க்குள்ள இருந்த தண்ணி தனி. பழைய 25 செ.மீ தடுப்பே இருந்திருந்தா காலியிடம் 58 லிட்டர். ஒரு சொட்டு வெளியே வந்திருக்காது. ரெஃப்யூஜியத்துக்காக நான் எடுத்துக்கிட்டது அந்தக் காலியிடத்தைத்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை தரையில வச்சிருந்தேன். இருட்டுல அப்பா வெறுங்காலோட உப்புத் தண்ணியில நின்னு, ‘என்னடா இது ஈரம்?’னு கேட்டார். நல்லவேளை, கரன்ட் இன்னும் வரல. உப்புநீர் மின்சாரத்தை எவ்வளவு நல்லா கடத்தும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அப்போ தனித் தொட்டி வச்சா?

தனியா வைப்பதில் நிஜமான லாபங்கள் உண்டு. சம்ப்பின் காலியிடம் அப்படியே இருக்கும். மொத்தத் தண்ணீர் கூடும். பாசி விளக்கு பட்டு ஸ்கிம்மர் மேலெல்லாம் பாசி படியாது. மேல் தொட்டியை விட உயரத்தில் வைத்தால் கோபிபாட்கள் பம்ப்பில் சிக்காம நேரா மீன்களிடம் இறங்கும். ஆனா இணைப்புகள் கூடும், ஒழுக வாய்ப்பும் கூடும்.

ஒரு விஷயத்துல கவனம். ரெண்டு தொட்டிக்கு நடுவுல போக ஒரு பம்ப், வர ஒரு பம்ப்னு வைக்காதீங்க. ரெண்டும் ஒரே அளவு தள்ளவே தள்ளாது. ஒரு தொட்டி வற்றும், இன்னொண்ணு வழியும். ஒரு திசைக்குப் பம்ப், மறு திசைக்குப் புவியீர்ப்பு. இதுதான் விதி.

‘ரெஃப்யூஜியத்துல தண்ணி மெதுவாப் போனாத்தான் பாசி நல்லா உறிஞ்சும், அதனால தனித் தொட்டி கட்டாயம்’னு சொல்வாங்க. மாஸ் பேலன்ஸ் போட்டுப் பாருங்க. நீங்கும் அளவு = ஓட்டம் × (உள்ளே வரும் செறிவு − வெளியே போகும் செறிவு). ஒரு உதாரணத்துக்கு, மணிக்கு 100 லிட்டர் ஓடி லிட்டருக்கு 0.1 மி.கி குறைஞ்சா, மணிக்கு 10 மி.கி. மணிக்கு 1,000 லிட்டர் ஓடி 0.02 மி.கி மட்டும் குறைஞ்சாலும் 20 மி.கி. அதே தண்ணிதான் திரும்பத் திரும்ப வருது, ஒரே தடவையில் சுத்தமாக வேண்டியதில்லை. ஓட்டம் கூடினால் பாசியை ஒட்டியிருக்கும் பவுண்டரி லேயரும் மெலிசாகும். பாசி நகராம, பிய்ந்து போகாம இருக்கும் அளவுக்கு ஓட்டம் இருந்தால் போதும்.

நான் இப்போ வச்சிருப்பது

ஒரே சம்ப், மூணு பகுதி. இடப்பக்கம் ஸ்கிம்மர், வலப்பக்கம் ரெஃப்யூஜியம், நடுவில் பம்ப். மேலிருந்து வரும் குழாயை ரெண்டாப் பிரிச்சு, ரெஃப்யூஜியம் கிளையில் மட்டும் பால் வால்வு. முக்கிய வடிகாலில் எந்தத் தடையும் இல்லை. இதனால் ஸ்கிம்மருக்கு ஒரு ஓட்டம், பாசிக்கு இன்னொரு ஓட்டம். தடுப்புகள் பழையபடி 25 செ.மீ. ரிட்டர்ன் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சைஃபனை உடைக்க ஒரு சின்ன ஓட்டை. பம்ப் நின்னா மேலே 2 செ.மீ-தான் இறங்குது: 120 × 45 × 2 = 10.8 லிட்டர். அந்த ஓட்டையில் பாசி அடைச்சா கதை முடிஞ்சது, அதனால வாராவாரம் சுத்தம் பண்றேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவர்ல ஏறிடுச்சு, ஆர்சிசிபியும் போட்டாச்சு.

அதனால என் பதில்: இடம் குறைவா இருந்தா ஒரே சம்ப்பில் தாராளமா வைக்கலாம், காலியிடக் கணக்கு சரியா வந்தால் மட்டும். வரலைன்னா தனித் தொட்டிக்குப் போங்க.

எதை வச்சாலும், முதல் மீன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. பம்ப் ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தண்ணி இறங்கி நிக்கிற வரைக்கும் பாருங்க. பகல்ல, நீங்க முழிச்சிருக்கும்போதே பாத்துடுங்க.