நடைபாதைக்கு நிதி யார் தருவார்?

கேள்வி: எங்கள் பகுதியில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மட்டும், மோட்டார் வண்டி நுழையாத பாதை அமைக்க நினைக்கிறோம். அரசு நிதி கிடைக்குமா? - வாசகர், நெய்வேலி

பதில்: முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் என்றால் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் நகர நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் நட முடியாது. வெளியே ஊராட்சி நிலம் என்றால் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, என்.எல்.சி.யின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை இந்தக் கணக்கில் சேராது. எனவே, சுற்றுக் கிராமத்தாருக்கு என்ன பயன் என்பதை மனுவில் முதலில் எழுதுங்கள்.

இரண்டு, தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரைக்க வேண்டும். பணி மாவட்ட நிர்வாகம் வழியே நடக்கும்.

மூன்று, நமக்கு நாமே திட்டம். ஊரார் பங்குத்தொகை கட்ட வேண்டும்.

2023 நவம்பரில் மாநில அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதையை முன்னுதாரணமாகக் காட்டலாம்.

சர்வே எண், வரைபடம், மதிப்பீடு மூன்றையும் இணையுங்கள். பராமரிப்பது யார் என்பதையும் எழுதிவிடுங்கள். அது இல்லாத மனு எளிதில் கிடப்பில் போகும்.