வளவும் வழிபாடும்: கானாடுகாத்தான் இல்லங்கள்

திருக்கோயிலைக் கட்டியோர் யாவர், திருப்பணி செய்தோர் யாவர் என்று வினவும் அன்பர்கள், அவர்தம் இல்லங்கள் எவ்வாறு அமைந்தன என்பதைப் பெரும்பாலும் வினவுவதில்லை. பாண்டிநாட்டு நகரத்தார் பலவூர்க் கோயில்களைப் புதுப்பித்தவர்கள். காசியில் சத்திரம் நிறுவி விசுவநாதர்க்கு நாள்தோறும் பூசைப் பொருள் அனுப்பும் அறத்தை நடத்துபவர்கள். அவர்தம் மனைகளையும் கோயிலையும் ஒருங்கு வைத்துக் கற்றல் தகும்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகே, திருமயம் செல்லும் வழியை ஒட்டி அமைந்த சிறு பேரூர் கானாடுகாத்தான். கானாடு என்பது பண்டை நாட்டுப் பிரிவுகளுள் ஒன்று. கல்வி வள்ளலாகிய இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1881-ஆம் ஆண்டு பிறந்ததும் இவ்வூரே. அவர் எடுப்பித்த அரண்மனை 1912-இல் நிறைவுற்றது. ஊருக்கு வருவோர் அவ்வொன்றை மட்டும் கண்டு மீள்வர். அதனைச் சூழ்ந்த தெருக்களில் நிற்கும் மற்றை வீடுகளே மரபினை மிகுதியும் விளக்கவல்லவை.

நேர்கோடாக ஓடும் தெருக்கள். ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கும் மனைகள். தலைவாயிலில் நின்று நோக்கின் நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்படத் தோன்றும். கோயிலின் திருவாயில்களைக் கடந்து கருவறையை நோக்கும் கண்ணுக்கு இக்காட்சி புதிதன்று. நிலைக்கு மேலே திருமகளை யானைகள் நீராட்டும் கோலம் செதுக்கப்பட்டிருக்கும். சில வீடுகளின் கைப்பிடிச் சுவர் உச்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சுதையுருவமும் காவல் நிற்கும்! வணிகர் சென்று வந்த தேசங்களின் நினைவு அது. அதனைப் பழித்தல் வேண்டா.

உறுப்புகளின் பெயர்கள் அறியத்தக்கன. முகம் போல் முன்னிற்பது முகப்பு. அதனை அடுத்துத் திண்ணை. விருந்தினரும் கணக்கரும் அமரும் கூடம் பட்டாலை. பட்டகசாலை என்னும் பழஞ்சொல் குறுகிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். அதற்கும் உள்ளே வானம் நோக்கிய முற்றம். அதனை வளைந்து நிற்கும் தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்து வளவு எனப்படும். வளைத்திருப்பதால் வளவு. இதன்பின் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு என்று மனை நீளும்.

வளவே இல்லத்தின் உயிர்நிலை. அதனைச் சூழ்ந்த அறைகள் மணமான ஆண்மக்களுக்கு உரியவை. மகனுக்கு மணமானபின் அவனையும் மருமகளையும் ‘வேறு வைத்தல்’ என்பது நகரத்தார் வழக்கு. வீடு ஒன்றே, உலை மட்டும் வேறு. மணமான ஒவ்வொருவரும் ஒரு ‘புள்ளி’யாக எண்ணப்பட்டு, கோயிலுக்குரிய வரியும் புள்ளி வாரியாகவே தண்டப்படும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் நகரக்கோயில்கள் ஒன்பதனுள் ஒன்றனைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் நிற்கும். மணத்தின்போது அக்கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். ஆகவே வளவில் நிகழும் மணம் கோயிலின் கணக்கிலும் ஏறுகின்றது.

வளவின் முற்றம் வெயிலுக்கும் காற்றுக்கும் மட்டும் திறந்ததன்று. நாட்டோடுகளைப் பல அடுக்காக வேய்ந்த கூரைகள் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை முற்றத்தில் இறக்கும். முற்றத்து நீரைக் கால்வாய் தெருவுக்குக் கொண்டு செல்லும். தெருவின் நீர் ஊருணியைச் சேரும். வள்ளுவர் ஒப்புரவினைக் கூறும் அதிகாரத்தில் ஊருணியை உவமையாக்கியது நினைக்கத்தக்கது.

பருமாவின் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றைப் பலரும் புகழ்வர். சுவரை நோக்குவார் குறைவு. சுண்ணாம்பும் மணலும் கலந்த அடிப்பூச்சின்மேல் நுண்ணிய பூச்சுகளைப் படிப்படியாக ஏற்றி, முட்டை வெண்கரு சேர்த்த மேற்பூச்சினைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். தொட்டால் குளிரும் அச்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. பழுது நீக்குவதாக எண்ணி அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பழைய காரை உதிரும். கோயில் மதில்களுக்கும் இது பொருந்தும் என்பதைத் திருப்பணி செய்வோர் கருதுவாராக.

இம்மனைகளை எழுப்பிய செல்வம் பருமா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நடந்த வட்டித்தொழிலில் ஈட்டியது. 1942-இல் சப்பானியப் படை பருமாவைக் கைக்கொண்டபோது பலர் உயிர்தப்பி மீண்டனர். 1948-இல் அந்நாடு விடுதலை பெற்றபின் நிலங்கள் அரசுடைமையாகத் தொடங்கின. வருவாய் நின்றது, வீடு நின்றது.

இன்றுள்ள இடர் இரண்டு. மக்களும் பேரமக்களுமாய்ப் பங்கு பெருகி, ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் உரியராயினர். ஓடு ஒன்று விலகினால் மாற்றுவது யார் செலவு என்பது தீர்வதற்குள் மழைநீர் உத்திரத்தின் நுனியில் இறங்கி மரத்தை இற்றுப்போகச் செய்கின்றது. மற்றொன்று, இடிந்த வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு விலை மிகுதி. நிலைகளும் தூண்களும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடிக் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. வேற்றூர் மாளிகையில் அத்தூண் அழகுக்கு நிற்கலாம். அதனைச் சூழ்ந்து மணை போட்ட வளவு அங்கில்லை. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துள்ளன. அதனைக் குறை கூறுவோர், கூரை ஒழுகும் வீட்டை ஒருமுறை சென்று பார்த்தல் நலம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆயினும், ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் சில நாள் திறக்கின்றன. முன்னோர்க்குப் படைக்கும் ‘படைப்பு’க்காகப் பங்காளிகள் தொலைவூர்களிலிருந்து வந்து கூடுவர். திருக்கார்த்திகை தொடங்கி இருபத்தொரு நாள் எண்ணி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் பொழுதில் பிள்ளையார் நோன்பு நோற்பர். கோடி வேட்டியினின்று எடுத்த இருபத்தோரிழைத் திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயிலிட்டு உண்பது அந்நோன்பின் முறை. மூத்தவர் எடுத்துக் கொடுக்க, இளையோர் வரிசையாய் வந்து பெற்றுக்கொள்வர்.