குளிர்காலத்தில் தெருப் பூனைகள்



குளிர் தேசங்களில் வீடின்றித் தெருவில் வாழும் பூனைகளைப் பனிக்காலத்தில் காப்பது எப்படி என்பதே இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம். வெயிலிலும் மழையிலும் கடை நடத்தும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். உம்ராவுக்குப் போய்த் திரும்புகையில் இஸ்தான்புல் நகரைப் பார்த்துவிட்டு வருவோர் நம்மில் இப்போது பலர். படிப்பை முன்னிட்டுக் குளிர் நாடுகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளும் உண்டு. அன்றியும், கிட்டங்கியில் மூட்டை அடுக்கி வைத்திருப்பவருக்குப் பூனை சம்பளம் கேளாத சிப்பந்தி. அதன் இனத்தின் கஷ்டத்தை அறிந்துகொள்வதில் நமக்கு நஷ்டமொன்றுமில்லை.

உளூவுக்காக வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, ஹஜ்ரத் அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமான பிராணியன்று, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவித்ததையும் நாம் கேட்டிருக்கிறோம். பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி போடாமல், அதை இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அடைந்த தண்டனையை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். இவற்றைக் கேட்டு மனம் இளகுவது எளிது. பனி கொட்டும் இரவில் ஒரு பூனைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது வேறு அறிவு. அதைத் தனியே கற்க வேண்டும்.

இஸ்தான்புல்லில் ஜனவரி மாதத்தில் பகலில் 8, 9 டிகிரியும், இரவில் 3, 4 டிகிரியும் சாதாரணம். கருங்கடல் பக்கமிருந்து வடகிழக்குக் காற்று வீசினால் பனியும் சேர்ந்து வரும். 2022 ஜனவரி 24ஆம் தேதி பெய்த பனியில் அந்நகரத்து விமான நிலையமே ஓட்டத்தை நிறுத்தியது. விமானத்திற்கு இந்தக் கதியென்றால் பூனையின் கதியென்ன? உஸ்குதார் பகுதியில் அஜீஸ் மஹ்மூத் ஹுதாயி பள்ளிவாசலின் இமாம், குளிரில் ஒதுங்க வந்த பூனைகளைப் பள்ளிக்குள்ளேயே விட்டுவைத்த படங்கள் 2016இல் உலகெங்கும் பரவின. அந்நகரத்தின் நடைபாதைகளில் சிறு சிறு மரப்பெட்டி வீடுகளும் உண்டு. அவற்றின்முன் நின்று படம் பிடிப்போர் மிகுதி. அந்தப் பெட்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்போர் குறைவு.

பெட்டியில்தான் விஷயமிருக்கிறது. பூனையின் உடற்சூடு 38 முதல் 39 டிகிரி. ரோமம் உலர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அது ஓரளவு காத்துக்கொள்ளும். நனைந்துவிட்டால் ரோமத்தால் பயனில்லை. ஆகவே குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. பெட்டியைப் பெரிதாகச் செய்வது நம்மவர் செய்யக்கூடிய முதல் பிழை. பூனைக்கு அங்கே அடுப்பு இல்லை. அதன் உடம்பே அடுப்பு. இரண்டு மூன்று பூனைகள் ஒட்டிப் படுக்கும் அளவே போதும். மீன் வரும் வெள்ளைத் தக்கைப் பெட்டி மிக உகந்தது. கழுவி, மூடியை ஒட்டி, ஒரு சாண் அகலத்திற்கும் குறைவாக வாசல் வெட்ட வேண்டும். காற்று வீசும் திசைக்கு வாசல் இருத்தலாகாது. இரண்டு செங்கல்மீது தூக்கி வைத்தால் தரையின் ஈரம் ஏறாது. கூரை சற்றுச் சரிந்திருந்தால் தண்ணீர் தேங்காது.

உள்ளே எதை விரிப்பது? பழைய கம்பளி, சாக்கு என்றுதான் மனம் போகும். அவை ஈரத்தைக் குடித்துக் குளிரைச் சேர்த்து வைக்கும். உலர்ந்த வைக்கோலே சிறந்தது. அதன் தாள் உள்ளே குழலாயிருப்பதால் ஈரம் தங்காது, பூனையும் அதற்குள் புதைந்து படுக்கும். மாட்டுக்குப் போடும் உலர்ந்த புல் வேறு, வைக்கோல் வேறு. புல் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும்.

உணவு விஷயத்தில் நம் வழக்கம் பால். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வயிறு போகும், உடலின் நீர் குறையும், குளிரைத் தாங்கும் சக்தி போய்விடும். இரக்கத்தோடு வைத்த கிண்ணமே இவ்வாறு கேடு செய்யலாம். சூட்டைக் காக்கப் பூனைக்குப் பனிக்காலத்தில் வழக்கத்தைவிட அதிகத் தீனி வேண்டும். ஈரமான உணவு உறைந்துவிடும், உலர்ந்த தீனி உறையாது. தண்ணீரை உலோகப் பாத்திரத்தில் வையாமல், ஆழமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்து இருவேளை மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். எஞ்சின் சூட்டை நாடிப் பூனை காருக்குள் ஏறிப் படுக்கும். ஆதலால் வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் தட்ட வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் உறையாதிருக்க ஊற்றும் திரவம் இனிப்பானது, ஆனால் ஒரு தேக்கரண்டி அளவே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

இப்போது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு. மிஸ்ரை 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் ஜாஹிர் பைபர்ஸ், கெய்ரோ நகரில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக எழுதி வைத்தாராம். 1830களில் அந்நகரில் வாழ்ந்த எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேயர் இதைத் தம் நூலில் பதிந்துள்ளார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவர் கண்டதென்ன? தோட்டம் பல கை மாறிப் பாழாகி, வருஷத்திற்குப் பதினைந்து பியாஸ்தர் என்னும் அற்ப வருமானமே மிஞ்சியிருந்தது. ஆயினும் காதியின் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகள் கூடின. தருமச் சொத்துக்களுக்குக் காவலர் என்ற முறையில் செலவு ஏறக்குறைய முழுவதும் காதியின் தலையிலேயே விழுந்ததால், தீனியும் வரவரச் சுருங்கியது. பூனையைக் கைகழுவ நினைத்த ஊரார் அதே முற்றத்தில் கொண்டுவந்து விட்டும் போனார்கள்!

வக்ஃபு நடத்தும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவர் தீனி போட்டால், பூனை வேறிடம் தேடுவதை விட்டு அவரையே நம்பி நிற்கும். பனியின் நடுவில் அவர் ஊருக்குப் போய்விட்டால் அது எங்கே போகும்? எனவே பெட்டி வைப்பவர் பெட்டியோடு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டாளிக்கோ, கடைப் பையனுக்கோ, அண்டை வீட்டாருக்கோ சொல்லி வைத்து, தீனிச் செலவைக் கணக்கில் தனியே எழுதிவிட்டால் சங்கடமில்லை. பூனைகள் பெருகாமல் கருத்தடை செய்வதும் இந்தக் கணக்கிலேயே சேரும். பெண் பூனை ஆறு மாதத்திற்குள்ளேயே சினைப்பட்டு, ஒன்பது வாரத்தில் ஈனும். துருக்கியில் 2004இல் இயற்றிய சட்டமும், தெருப் பிராணிகளுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

நம் பக்கம் பனியில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கிளந்தான், திரங்கானு கரையோரத்திலும், சிங்கப்பூர்க் கடைத்தெருக்களிலும் அஞ்சடியில் ஒதுங்கும் பூனை இரவு முழுதும் நனைந்தே கிடக்கிறது. அதே தக்கைப் பெட்டியும் இரண்டு செங்கலும் இங்கேயும் உதவும். வைக்கோல் அகப்படாவிடில் கிழித்த செய்தித்தாளைப் போட்டு, நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். மிச்சத் தீனியை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால் எலியும் வராது, வாடிக்கையாளரும் முகஞ்சுளிக்க மாட்டார். பெட்டியைக் கடைக்குப் பின்புறம், ஆள் நடமாட்டத்திற்கு இடைஞ்சலின்றி வைக்கலாம். வைக்குமுன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.