தொட்டி நிறைய எவ்வளவு நேரம்?

செகந்திராபாத்தில் லாலாகூடா. அங்கே ஒரு சின்ன வீடு. அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

இரவு மணி ஒன்பது. மகள் கையில் செல்போன். வீட்டுப்பாடக் கேள்வியைப் படம் எடுத்து அனுப்பினால் பதில் சொல்லும் செயலி அதில் இருக்கிறது.

"என்ன கேள்வி? எனக்கும் படித்துக் காட்டு" என்றார் அம்மா.

"ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?"

"போன் என்ன சொல்லுது?"

"நாலரை மணி நேரமாம்."

அம்மா சிரித்துவிட்டார். "ஒரு குழாயே 3 மணி நேரத்தில் நிரப்பிடும்கிற. இன்னொண்ணும் சேர்ந்து கொட்டினா நேரம் குறையுமா, கூடுமாடி?"

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. போன வருடம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஆனால் தண்ணீர் பிடித்துப் பழகிய கை அது.

மறுநாள் கணக்கு டீச்சர் விளக்கினார். தொட்டியை ஆறு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குழாய் ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு நிரப்பும். இரண்டாவது குழாய் இரண்டு பங்கு நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் மூன்று பங்கு, அதாவது பாதித் தொட்டி. முழுத் தொட்டிக்கு 2 மணி நேரம். செயலி 6ஐயும் 3ஐயும் கூட்டிப் பாதியாக்கிவிட்டது!

இப்போது பல செயலிகளில் பதில் சொல்வது வாத்தியார் அல்ல, கணினிதான். அது தப்பான பதிலையும் தயங்காமல் சொல்லும். நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் விடையோடு இருக்கும் கணக்கு ஒன்றை அதனிடம் கேளுங்கள். விடை சரியா? எப்படி வந்தது என்று படிப்படியாகச் சொல்கிறதா? பிறகு போனை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், பதில் சரியாக இருந்தாலும் பிள்ளைக்குப் பயன் இல்லை. பரீட்சை அறைக்குள் போன் வராதே!

அடுத்தது பணம். ஒருநாள் அம்மாவுக்குப் போன் வந்தது. வேறொரு கம்பெனி.

"மேடம், இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதி விலை. ஆதார் எண் சொல்லுங்கள். ஓ.டி.பி. வரும், அதையும் சொல்லுங்கள்."

ஓ.டி.பி. சொல்வது கைநாட்டு வைப்பது போல. எதற்கு என்று தெரியாமல் சொன்னால், நம் பெயரில் கடன் எழுதப்பட்டாலும் எழுதப்படும். மாதத் தவணை நம் தலையில் விழும்.

பெரிய கம்பெனி என்றால் பயம் இல்லையா? பெங்களூருவின் பைஜூஸ் கம்பெனியைப் பாருங்கள். நடிகர் ஷாருக்கான் அதன் விளம்பரத்தில் வந்தார். இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. தெரியாமலே கடனில் மாட்டிக்கொண்டோம் என்று பெற்றோர் பலர் புகார் சொன்னார்கள். 2022 டிசம்பரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புத் தேசிய ஆணையம் கம்பெனித் தலைவரை நேரில் வரச் சொன்னது. 2024 ஜூலையில் கம்பெனி மீது திவால் வழக்கு ஏற்கப்பட்டது. சட்டையில் பெயர் இருந்து என்ன பயன்?

மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது. கட்டணம் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி அனுமதி கொடுக்காதீர்கள் என்றது. நிபந்தனைகளைப் படித்த பிறகே சம்மதியுங்கள் என்றது. "முதல் மாதம் இலவசம்" என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். நுகர்வோர் புகாருக்கு 1915. வங்கிக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போனால் உடனே 1930.

காசில்லாத வழியும் இருக்கிறது. பல பாடப்புத்தகங்களில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கட்டம் இருக்கும். அதை 'தீக்‌ஷா' என்ற அரசுச் செயலியில் காட்டினால் பாடம் வரும். ஹைதராபாத்திலிருந்து தெலங்கானா அரசின் 'டி-சாட்' ஒளிபரப்பும் பாடம் நடத்துகிறது. டீச்சரிடம் கேட்பதற்கும் காசு இல்லை.

அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி கூப்பிட்டார்.

"விலை, தவணை, பணம் திரும்பத் தருவது எல்லாத்தையும் காகிதத்தில் எழுதி அனுப்புங்க தம்பி. நான் படிச்சுப் பார்க்கிறேன்" என்றார் அம்மா.

காகிதம் வரவே இல்லை.