தில்லிக்கு வந்த இளம் மிஷனரி குடும்பத்துக்கு: முதல் ஜெபக் கடிதம் பற்றி

தம்பிக்கும் தங்கைக்கும்,

தில்லியில் இது உங்களுக்கு முதல் கிறிஸ்துமஸ். நவம்பர் பிறந்ததும் மிஷனரி வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஸ்டார் கட்டுவதற்கும் அதிரசத்துக்கு மாவு இடிப்பதற்கும் முன்னால், ஊரில் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நம்மைத் தாங்குகிறவர்களுக்கு ஜெபக் கடிதம் எழுதியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிப்பார். மாதம் தவறாமல் காணிக்கை அனுப்பும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். மொழி கற்பது, வீடு பிடிப்பது, பிரசங்கம் தயாரிப்பது எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. ஆனால் ஒரு மிஷனரி குடும்பத்தின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்தக் கடிதத்தின் இரண்டு பக்கங்களைப் போலக் காட்டிக்கொடுப்பது வேறொன்றும் இல்லை.

வழக்கமான கடிதத்தின் அமைப்பு உங்களுக்கே தெரியும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், தாங்குகிறவர்களுக்கு நன்றி, இந்த வருஷம் சந்தித்த வீடுகள் இத்தனை, ஆராதனைக்கு வந்தவர்கள் இத்தனை, ஜெபக் குறிப்புகள் இன்னின்ன. இதில் ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்லப்படுவதில்லை. பணித்தளத்தின் ஜனங்களுக்கு. அவர்கள் கணக்கில் வருகிறார்கள், புகைப்படத்தில் வருகிறார்கள், நன்றியில் வருவதில்லை. உங்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்: முதல் நன்றியை உங்களை ஏற்றுக்கொண்ட ஊருக்கு எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரிந்து வந்திறங்கிய உங்களுக்கு வாடகை வீடு கொடுத்தவர், இந்தியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வினைச்சொல் மாறுவதைச் சிரிக்காமல் திருத்தியவர், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் என்று அந்தப் பட்டியல் கண்டிப்பாக நீளமாக இருக்கும்.

தமிழ் மிஷனரிகள் வடக்கே வருவது நேற்று தொடங்கியதல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. அதற்கு முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. அதன் பின் 1905 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளிலேயே, வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரி பெயரால் அமைந்த நூலகத்தில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அதிலும் அசரியா இருந்தார். சேலத்துக்காரரான கே.டி. பால் பின்னால் அதை வளர்த்தெடுத்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட வழி. முதல் பணித்தளமாகப் பஞ்சாபின் மாண்ட்கோமரி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அது பாகிஸ்தானில் சாகிவால். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வீட்டில் இருக்க வேண்டிய நாளில் அவர்கள் ஊர்விட்டு ஊர் வந்து ஒரு நூலகத்தில் கூடியிருந்தார்கள் என்பதை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது. தென்னாட்டுச் சபைகளில் அம்மாமார் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சேர்த்த பிடியரிசிக் காணிக்கை இப்படிப்பட்ட ஊழியங்களைத் தாங்கியது. உங்கள் மாதப் படியிலும் அந்த அரிசி இருக்கிறது.

1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இதே அசரியா பேசிய பேச்சை நீங்கள் கட்டாயம் தேடி வாசிக்க வேண்டும். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டு மிஷனரிகள். அவர்களுடைய தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. சொத்தையும் உடலையும் கொடுத்தவர்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியக் கிறிஸ்தவரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடாதவர்களும் அவர்களில் உண்டு என்பதை முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் அவர் கேட்டது நட்பு. அரங்கத்தில் பலருக்கு அது உறைத்தது. சிலருக்குக் கோபமும் வந்தது. இன்று திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வரும் மிஷனரி, அன்று அசரியா நின்ற இடத்தில் நிற்கவில்லை. அவருக்கு எதிரே நாற்காலிகளில் இருந்தவர்களின் இடத்தில் இருக்கிறார். கொடுக்க வந்தவர், கற்பிக்க வந்தவர், கணக்கு எழுதுகிறவர். ஆகவே அந்தக் கேள்வி இப்போது உங்களை நோக்கித்தான் வருகிறது: இந்த ஊரில் உங்களோடு சேர்ந்து சாப்பிடுகிற நண்பர் யார்? ஊழியத்துக்கு வாய்ப்பாக இல்லாமல், சும்மா நண்பராக?

இதற்குத் தில்லியே ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. காஷ்மீரி கேட் பக்கம் போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் மிஷன் 1881இல் சாந்தினி சவுக் பகுதியில் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி பிறகு அங்கேதான் பல காலம் நடந்தது. 1904இல் சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ் என்ற இங்கிலாந்து இளைஞர் அங்கே ஆசிரியராக வந்தார். இரண்டு வருஷத்தில் முதல்வர் பதவி காலியானது. ஆங்கிலேயர் ஒருவர்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அந்தக் காலத்து நினைப்பு. ஆண்ட்ரூஸ் அதை ஏற்கவில்லை. தமக்குப் பல வருஷம் முன்பிருந்தே அங்கே பாடம் நடத்தி வந்த வங்காளக் கிறிஸ்தவர் சுஷில் குமார் ருத்ராதான் முதல்வராக வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1906இல் ருத்ரா பொறுப்பேற்றார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே வேலை செய்தார்.

இது ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் என்று கடந்துவிடக் கூடாது. ருத்ரா மூலமாகவே ஆண்ட்ரூசுக்கு இந்தியா திறந்தது. பழைய தில்லியின் முஸ்லிம் அறிஞர் மௌல்வி ஜகாவுல்லாவோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு அத்தனை ஆழமானது. பிற்காலத்தில் ஜகாவுல்லாவின் வாழ்க்கையை ஒரு புத்தகமாகவே ஆண்ட்ரூஸ் எழுதினார். ஒரு பாதிரியார், தன் மதத்தில் சேராத ஒரு பெரியவருக்கு நன்றிக்கடனாக எழுதிய புத்தகம் அது. உங்கள் ஜெபக் கடிதத்துக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. 1914 தொடக்கத்தில் ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க் காந்தியைச் சந்தித்ததும், டர்பன் துறைமுகத்தில் காந்தியின் காலைத் தொட்டு வணங்கி அங்கிருந்த வெள்ளைக்காரர்களைத் திகைக்க வைத்ததும் ஊரறிந்த கதை. 1915இல் காந்தி தில்லிக்கு வந்தபோது தங்கியது ருத்ராவின் வீட்டில். ஒத்துழையாமைக் காலத்திலும் அந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அரசு மானியம் பெறும் ஒரு மிஷன் கல்லூரியின் முதல்வருக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கிலாபத் இயக்கத்தின் கோரிக்கை பற்றித் தாம் வைஸ்ராய்க்கு எழுதிய பகிரங்கக் கடிதம் ருத்ராவின் கூரைக்குக் கீழேதான் உருவானது என்று, 1925இல் ருத்ரா இறந்தபோது காந்தியே நன்றியோடு எழுதினார். தென்தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்று ஒரு பேட்டையே ஆண்ட்ரூஸ் பெயரைச் சுமக்கிறது. ருத்ராவின் பெயர் கல்லூரி வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் எழுத வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான், வீட்டைத் திறந்தவர்கள்.

இனி, உண்மை பற்றி. முதல் வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியே எழுதுங்கள். மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரின் டோனாவூர் உங்களுக்குப் பக்கத்து ஊர். அவருடைய ஜெபிக்கும் வழக்கம், அவர் வளர்த்த பிள்ளைகள் பற்றிச் சண்டே ஸ்கூலிலேயே கேட்டிருப்பீர்கள். அவர் எழுதிய ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ புத்தகம் எப்படி வெளிவந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் எவ்வளவு கடினமாக இருக்கிறது, எத்தனை கதவுகள் மூடிக்கொள்கின்றன என்று ஒளிக்காமல் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். உற்சாகமூட்டும்படி மாற்றித் தரச் சொல்லி அது திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை, எடுத்து வைத்துவிட்டார். பின்னால் நண்பர்களின் முயற்சியால் 1903இல் அது அச்சானது. படித்தவர்களில் பலர் இப்படியெல்லாம் இருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் இறக்கும்வரை ஒரு தடவைகூடத் தாயகம் திரும்பாத ஒருவருக்கு, தாங்குகிறவர்களைக் குளிர்விக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. உங்களுக்கும் வேண்டாம். பிடியரிசி எடுத்து வைக்கிற அம்மாவுக்கு வெறும் நற்செய்தி மட்டும் அனுப்பினால், அவருடைய ஜெபத்துக்கு நாம் வேலையே கொடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

புகைப்படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முன்பெல்லாம் ஜெபக் கடிதம் தபாலில் போய் ஐம்பது வீடுகளோடு நின்றுவிடும். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சாயங்காலத்துக்குள் யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் போகிற தூரத்திலேயே இரண்டு மாநிலங்கள் தொடங்குகின்றன. உத்தரப் பிரதேசத்தில் 2021இலும் ஹரியாணாவில் 2022இலும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. நொய்டாவிலிருந்தோ பரிதாபாத்திலிருந்தோ உங்கள் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஆர்வத்தால் வந்து கேக் சாப்பிட்டுப் போன ஒருவருடைய முகம், ‘புதிய ஆத்துமா’ என்ற குறிப்போடு சுற்றினால், விளைவைச் சுமக்கப்போகிறவர் அவர், நீங்கள் அல்ல. சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்டவர் உங்கள் விருந்தாளி. விருந்தாளியின் படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பும் பழக்கம் நம் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை.

டிசம்பர் 24, 25 தேதிகளில் கோல் டாக்கானா அருகே சேக்ரட் ஹார்ட் கதீட்ரலுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்வாருங்கள். ஹென்றி மெட் வடிவமைத்த ஆலயம். குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் கதீட்ரல் சர்ச் ஆஃப் ரிடெம்ப்ஷனும் அவர் வடிவமைத்ததே. பனிமூட்டத்தில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நகரமே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். பஞ்சாபிக் குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள், பீகாரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் குடிலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பார்த்ததும் சுவிசேஷப் பிரதி எத்தனை கொண்டு வந்தோம் என்று மனசு கணக்குப் போடத் தொடங்கும். அன்றைக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாம். நம் பண்டிகைக்கு வாசல்வரை வந்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். வரிசையில் முன்னால் நிற்கிற குழந்தையிடம் பெயர் கேளுங்கள். உங்கள் இந்திக்கும் அது நல்லது.

இன்னொரு கூட்டத்தாரையும் தேடிப் போகலாம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி மதராசி கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. வீட்டு வேலை, சமையல், காவல், துப்புரவு வேலைகளால் தென்தில்லியைத் தாங்கியவர்கள் வாழ்ந்த இடம். வடிகாலைச் சீரமைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையடுத்து 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டென்று சொல்லப்பட்டது. அதுவும் நகரின் மறுகோடியில் இருக்கும் நரேலாவில். வேலை தெற்கே, வீடு வடக்கே. பிள்ளைகளோ லோதி எஸ்டேட் போன்ற இடங்களில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் படித்தவர்கள். இவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை முகவரி மாற்றம், பேருந்து விவரம் என்று இந்தியில் மனு எழுதித் தர ஆள் வேண்டும். யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்யுங்கள். கடிதத்தில் எழுதினால், நீங்கள் செய்ததை ஒரு வரியிலும், அவர்களிடமிருந்து நீங்கள் தெரிந்துகொண்டதை ஒரு பத்தியிலும் எழுதுங்கள்.

கடைசியாகத் தங்கைக்கு. பெரும்பாலான ஜெபக் கடிதங்களில் மனைவியின் பங்கு கடைசி வரி: ‘என் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்கள்.’ அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள், தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். கணவரோடு தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்களிடையே வாழ்நாளெல்லாம் உழைத்தவர். தில்லியில் பிரிசில்லா வின்டர் என்ற மிஷனரி மனைவி, ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்களுக்காக 1860களில் யமுனைக் கரையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். 1881இல் அவர் இறந்தபின், அவர் நினைவாக 1885இல் சாந்தினி சவுக்கில் எழுந்ததுதான் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை. இன்று தீஸ் ஹசாரியில் இருக்கிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடவோ உனக்குப் பிரசவத்துக்கோ அங்கே போக நேரலாம். ‘சுகமாக இருக்கிறார்கள்’ என்ற அந்த ஒரு வரியோடு நின்றுவிடாதே, தங்கை. பால் வாங்கும் மதர் டெய்ரி பூத்தில், மாடியில் துணி காயப்போடும் வேளையில், பார்க்கில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் நீ பழகுகிற பெண்களைத் தம்பிக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிற அம்மாமாருக்கு அந்தப் பெண்களின் கதைதான் புரியும். இரண்டாவது பக்கம் முழுவதையும் நீயே எழுது, கீழே உன் பெயரைப் போடு. பெரிய பிள்ளை ஊரில் விடுதியில் படிக்கிறது அல்லவா, அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பு. வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவன் மற்றவர்களுக்கு அச்சடித்த தாளில் இருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. ஆகவே அவனுடையதை மட்டும் கையால் எழுது, எல்லாருக்கும் அனுப்புவதற்கு முந்தின வாரமே தபாலில் சேர்த்துவிடு.