மடியில வெச்சுக்கிட்டா ஆகாதா?

தங்கச்சி, பாப்பா பொறந்தா நம்ம வீடுகள்ல தொட்டிலுக்கு இடம் பார்ப்போம், காது குத்த நாள் பார்ப்போம். கார் சீட்டுன்னு பேச்செடுத்தா மட்டும் "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம்"னு ஒரே போடா போட்டுடுவாங்க. நீயும் அதைத்தானே கேக்குற? சட்டம் கட்டாயம்னு சொல்லுதா, இல்ல நம்ம இஷ்டமான்னு.

சட்டம் சொல்லுது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 194பி-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. 14 வயசு நிரம்பாத பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாம வண்டியில இருந்தா 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுறவருக்கு மட்டுமில்ல, அப்படி ஓட்ட விட்டவருக்கும் அது பொருந்தும். ஆனா பெல்ட் அல்லது இருக்கைன்னு சொல்ற அந்தப் பிரிவு, எந்த வயசுக்கு எதுன்னு பிரிச்சுச் சொல்லல. ஆறு மாசப் பிள்ளைக்குப் பெரியவங்க பெல்ட்டை மாட்டினா அது கழுத்துலதான் வந்து நிக்கும். ஆக எந்த சீட், எத்தனை வயசு வரைக்கும், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைக்கணும்ங்கிறதெல்லாம் நம்ம பொறுப்புதான். போலீஸ்காரர் பிடிப்பாரான்னா, ஹெல்மெட்டுக்குப் பிடிக்கிற மாதிரி இதுக்குப் பிடிச்சு நான் பார்த்ததில்ல. அபராதத்துக்குப் பயந்து வாங்குறதா இருந்தா வாங்கவே மாட்டே.

பெத்தவ மடியைவிடப் பத்திரமான இடம் எதுன்னு உங்க அத்தை கேப்பாங்க. இதே கேள்வி அமெரிக்காவுல சட்டசபை வரைக்கும் போச்சு. டென்னசி மாநிலத்துல ராபர்ட் சாண்டர்ஸ்னு ஒரு குழந்தை மருத்துவர், உறுப்பினர்களை விடாம நச்சரிச்சு 1977-ல சட்டம் கொண்டுவர வெச்சார். 1978 ஜனவரி 1-லிருந்து அமலுக்கு வந்துச்சு. அந்த நாட்டுல கார் சீட்டைக் கட்டாயமாக்கின முதல் சட்டம் அதுதான். "எங்க பிள்ளையை எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு அரசாங்கமா சொல்றது?"னு எதிர்ப்பு கிளம்ப, பெரியவங்க யாராவது குழந்தையைக் கையில வெச்சிருந்தா போதும்னு ஒரு விதிவிலக்கையும் சேர்த்துட்டாங்க. குழந்தையை நசுக்குற விதிவிலக்குன்னே திட்டினாங்க அதை எதிர்த்தவங்க. 1981-ல அது நீங்குச்சு. 1985-க்குள்ள 50 மாநிலமும் சட்டம் போட்டுடுச்சு.

ஏன் அப்படித் திட்டினாங்கன்னு ஒரு கணக்கைப் போட்டா தெரிஞ்சுடும். 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயாவது மோதினா, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல எல்லாம் முடிஞ்சுடும். அந்த நேரத்துல 10 கிலோ குழந்தை முன்னால பாயுற விசை சராசரியா சுமார் 140 கிலோ எடைக்குச் சமம். 25 கிலோ அரிசிச் சிப்பம் அஞ்சாறை ஒண்ணா உன் கையில எறிஞ்சா பிடிப்பியா? நீ பெல்ட் போடலேன்னா உன் எடையும் சேர்ந்து பாப்பா மேலதான் விழும். ரெண்டு பேரையும் ஒரே பெல்ட்டுக்குள்ள சுத்திக்கிறது அதைவிட மோசம். மொட்டை எப்போ, டயப்பரா துணியா, எந்தப் பள்ளிக்கூடம்னு எல்லாத்துலயும் பெத்தவங்க இஷ்டம்னு சொல்ற ஆள்தான் நான். மடி விஷயத்துல மட்டும் இஷ்டத்துக்கு இடமில்ல, ஏன்னா கை தாங்காது.

சரி, வாங்குற கதைக்கு வருவோம். விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சீட்டுல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாரு. வட்டத்துக்குள்ள ஆங்கில 'இ' எழுத்தும் பக்கத்துல ஒரு எண்ணும், கூடவே ஆர்44 அல்லது ஆர்129-ன்னும் இருக்கணும். நம்ம நாட்டுத் தரத்துக்குப் பேர் ஏஐஎஸ்-072. ஒண்ணுமே இல்லேன்னா, அது எவ்வளவு மெத்து மெத்துன்னு இருந்தாலும் வேண்டாம். சொந்தக்காரங்க கொடுக்கிற பழைய சீட்டா இருந்தா, அந்த வண்டி எதுலயாவது மோதியிருக்கான்னு கூச்சப்படாம கேளு. மோதியிருந்தா வாங்காதே. பிளாஸ்டிக்குக்கும் ஆயுசு உண்டு, காலாவதித் தேதியை அடியில அச்சிட்டிருப்பாங்க.

சின்னப் பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரணும். பொறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான், கழுத்து எலும்பு இன்னும் இறுகியிருக்காது. பின்பக்கம் பார்த்து இருந்தா மோதுற வேகத்தை முதுகு முழுக்க சீட்டே வாங்கிக்கும். ஆர்129 விதி 15 மாசம் வரைக்குமாவது அப்படித்தான் இருக்கணும்னு சொல்லுது. ஸ்வீடன்ல நாலு வயசு வரைக்கும் அப்படி வைக்கிறது சகஜம். "பாவம், கால் மடங்குதே"ன்னு எல்லாரும் சொல்வாங்க. மடங்கட்டும், பிள்ளைங்களுக்கு அது ஒரு சிரமமே இல்ல. நான் உன் இடத்துல இருந்தா, சீட்டுல போட்டிருக்கிற எடை, உயர அளவு தாண்டுற வரைக்கும் திருப்ப மாட்டேன்.

இந்த சீட்டை ஏர்பேக் வேலை செய்யுற முன் சீட்டுல வைக்கவே கூடாது. ஏர்பேக் கண் இமைக்கிறதுக்குள்ள வெடிச்சு விரியும், அது அடிக்கிறது நேரா பாப்பா தலைக்குப் பின்னால இருக்கிற பலகையை. பின் சீட்டுதான் இடம்.

மாட்டுறதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. புதுக் கார் எடுத்ததும் ஆசை ஆசையா சீட் கவர் போடுவோமே, அதுல பின் சீட்டுப் பெல்ட்டோட பக்கிள் உள்ளே புதைஞ்சு போயிருக்கும். பெல்ட் இல்லாம குழந்தை சீட்டை நேரா காரோட மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கியும் அப்படித்தான். சாயுற பலகையும் உட்காருற மெத்தையும் சேருற இடுக்குல கையை விட்டுத் துழாவினா கம்பி தட்டுப்படும். முதல்ல கவரைத் தளர்த்து, இல்ல அந்த இடத்தை வெட்டித் திறக்கச் சொல்லு. சீட்டை மாட்டினதும் பெல்ட் போற இடத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஒரு இஞ்சுக்கு மேல நகர்ந்தா இன்னும் இறுக்கணும். பாப்பாவை உட்கார வெச்சு வாரை இழுத்ததும் தோள்கிட்ட வாரைக் கிள்ளிப் பாரு. மடிப்பு விரல்ல சிக்கினா தளர்வா இருக்குன்னு அர்த்தம். பின்பக்கம் பார்த்த சீட்டுல வார் தோள் மட்டத்துலயோ கொஞ்சம் கீழேயோ இருந்து வரணும். முன்பக்கம் பார்த்ததுல தோள் மட்டத்துலயோ கொஞ்சம் மேலேயோ.

கல்யாண வீட்டுக்குப் போறப்போ ஒரு தொல்லை உண்டு. பட்டுப் பாவாடை கட்டி விட்டா காலுக்கு நடுவுல வர்ற வார் சரியா உட்காராது, பாவாடை பந்தா சுருண்டு நிக்கும். பருத்தி ஜட்டி, சட்டையோட கூட்டிட்டுப் போய் மண்டபத்துல மாத்திக்கோ. ஊட்டி, கொடைக்கானல் போனா ஸ்வெட்டருக்கு மேல வார் போடாதே. வாரை இறுக்கிட்டு மேல சால்வையைப் போர்த்து.

வெயில் நேரத்துல சீட்டு மேல வெள்ளைத் துண்டை விரிச்சுட்டு வண்டியை நிறுத்து. பக்கிளைத் தொட்டுப் பார்க்காம பிள்ளையை வைக்காதே, தொடையில சுட்டுடும். அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு பாப்பாவை மட்டும் வண்டியில விட்டுட்டு இறங்குற பேச்சே கூடாது.

அத்தைகிட்ட வாதம் பண்ணாதே. அவங்களைப் பாப்பா பக்கத்துலயே உட்கார வை. கிலுகிலுப்பை, துண்டு, தண்ணி எல்லாம் அவங்க பொறுப்பு. அவங்களும் பெல்ட் போடணும், சொல்லிடு. ஓடுற வண்டியில அழுதா தூக்கிப் பால் கொடுக்கத் தோணும், எனக்குத் தெரியாதா? வண்டியை ஓரங்கட்டிட்டுக் கொடு. சென்னையிலிருந்து திருச்சி போறதா இருந்தா செங்கல்பட்டு தாண்டி ஒண்ணு, விக்கிரவாண்டிப் பக்கம் ஒண்ணுன்னு நிறுத்தத்தை முன்னாடியே பேசி வெச்சுக்கோ. கைக்குழந்தையை சீட்டுலயே ரெண்டு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து தூங்க விடக் கூடாது, தலை தொங்கி மூச்சுக்குச் சிரமமாகும். குறைமாசத்துல பொறந்த பிள்ளைன்னா டாக்டரைக் கேட்டுட்டு வை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, கார் பெல்ட் பொருந்துற மாதிரி உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் இருக்கை போதும். முதுகு பின்னால ஒட்டி, முட்டி சீட் விளிம்புல மடங்கி, கீழ்ப் பெல்ட் இடுப்பெலும்பு மேலயும் மேல் பெல்ட் தோள் நடுவுலயும் உட்காருற வரைக்கும் அதை எடுக்காதே. பிரிட்டன்ல 12 வயசு அல்லது 135 சென்டிமீட்டர், எது முந்துதோ அதுவரைக்கும் கட்டாயம்.

கார் இல்லாத நாள்ல ஸ்கூட்டர்தான்னு தெரியும். 2023 பிப்ரவரி 15-லிருந்து அதுக்கும் விதி இருக்கு. 9 மாசத்துலிருந்து 4 வயசு வரைக்கும் பிள்ளைக்கு ஹெல்மெட், ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற வார், வேகம் 40-க்கு மேல கூடாது. 9 மாசம் ஆகாத குழந்தையை வண்டியில ஏத்தாதே, ஆட்டோ கூப்பிட்டுக்கோ.